வாலு பார்த்த மணி

அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். நீயும், உன் ஆஸ்பத்திரியில் நீ ஊட்டிவிட்டுத் துடைத்துவிடுகிற அத்தனை பேரும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "சரி விடுடி" என்பாய், நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். இது விடுகிற விஷயம் இல்லை. உன்னோடு வேலை பார்க்கிற பெண் லீவு முடிந்து திரும்புகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்ட இரண்டு நைட்டியும் தலைக்கு எண்ணெயும் அதே பையில் இருக்கின்றன. பையைப் பிரித்ததும் இதைப் படி. இல்லை, முதலில் சாப்பிடு, அப்புறம் படி.

வாலுவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. போன வாரம் உன்னிடம் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாளே, அதற்கு இதுதான் காரணம், உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. உன் மூத்தவளை வாலு என்றும் சின்னவளைப் பொடிசு என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் பெயரைக் கேட்டால்கூட வாலு என்றுதான் சொல்கிறாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். ஆறு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பட்டம் தேவையா என்று கேட்டார். ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்றேன். பொடிசுக்குச் சளி குறைந்துவிட்டது. ஆனால் மருந்தின் தித்திப்பு பிடித்துப்போய், பாட்டிலைப் பார்த்ததும் இருமுகிறாள். நாலு வயதில் இந்த நடிப்பு.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே மாதத்தை ஓட்டிவிட்டார். பார்லர் பரவாயில்லை. முன்னறையில் இரண்டாவது நாற்காலி போட்டுவிட்டேன். முடி வெட்ட ஒருத்தி, சாயம் பூசிக்கொண்டு ஊற ஒருத்தி என்று சனிக்கிழமைகளில் உட்கார நேரமில்லை. திரைச்சீலையை மாற்றினேன். கண்ணாடிக்கு மேலே அதே பழைய கடிகாரம்தான் ஓடுகிறது.

கடிகாரம் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. சரி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டது போதும். அந்தக் கடிகாரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ கிளம்பிய அன்று வாசலில் டாக்ஸி நின்றுகொண்டிருக்க, வாலுவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சின்ன முள் ஏழுலயும் பெரிய முள் பன்னெண்டுலயும் வந்ததும் அம்மா கூப்பிடுவேன்." அவள் அழவில்லை. அவள் அப்பா போன பிறகு அந்தக் குழந்தை எதற்கும் சட்டென்று அழுவதில்லை. மறுநாள் காலையில் பல் தேய்க்கும் முன்பே என் புடவையைப் பிடித்து இழுத்து, மணி பார்க்கச் சொல்லிக்கொடு என்று நின்றாள். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காகக் கற்றுக்கொள்ளும். இவள் உனக்காகக் கற்றுக்கொண்டாள்.

எப்படிக் கற்றுக்கொடுத்தேன் தெரியுமா? பார்லரில் உள்ள வட்டக் கைக்கண்ணாடியைப் படுக்க வைத்து, தீர்ந்துபோன லிப்ஸ்டிக்கால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அதன் மேலேயே எழுதினேன். கொண்டை ஊசி சின்ன முள், வால் சீப்பு பெரிய முள். சின்னதற்கு அக்கா முள் என்றும் பெரியதற்குத் தங்கச்சி முள் என்றும் பெயர் வைத்தோம். அக்கா முள் நகர்வதே தெரியாது, ஆனால் அவளைப் பார்த்துத்தான் எல்லாரும் மணி சொல்வார்கள். தங்கச்சி முள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பாள், அவளை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் சும்மா உன்னை வம்புக்கு இழுத்துச் சொன்னதுதான், அவள் அதையே பிடித்துக்கொண்டாள். முழு மணி இரண்டே நாளில் வந்துவிட்டது. அரைதான் உயிரை எடுத்தது. அரை மணியில் அக்கா முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால், அவள் எந்த வீட்டுக்காரி என்று கேட்டு என்னைப் பாடாய்ப் படுத்தினாள். இன்னும் போய்ச் சேராத வீட்டின் பெயரைச் சொல்லக்கூடாது, கிளம்பி வந்த வீட்டின் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அதன் பிறகு தப்பே வரவில்லை.

பார்லரில் அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தேன். யாருக்காவது சாயம் பூசி உட்கார வைத்தால், தங்கச்சி முள் எந்த எண்ணுக்கு வந்ததும் கழுவ வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் உள்ளே அடுத்த வேலையைப் பார்ப்பேன். அவள் கடிகாரத்துக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்து, சரியாக அந்த நேரத்தில், "ஆன்ட்டி, உங்க தலை வெந்துடுச்சு" என்று சத்தம் போடுவாள். அதைக் கேட்பதற்காகவே சிலர் சாயம் பூச வந்தார்கள். ஒருநாள்கூட ஒரு நிமிஷம் தவறியதில்லை.

முதல் மாதம் நீ சொன்னது போலவே ஏழுக்குக் கூப்பிட்டாய். பிறகு உன்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். ஏழு, ஏழேகால் ஆனது, ஏழரை ஆனது. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. படுத்திருப்பவர்களை அப்படியே விட்டுவிட்டா நீ வெளியே வர முடியும்? ஆனால் இங்கே ஒருத்தி கழுத்தைத் தூக்கியபடி கடிகாரத்தின் கீழே நிற்பாள். "தங்கச்சி முள் தாண்டிப் போறா சித்தி" என்பாள். பன்னிரண்டைத் தாண்டி ஒன்று, இரண்டு என்று முள் போகப் போக உதடு கோணும்.

ஒரு சாயங்காலம் அவள் கால் கழுவப் போன நேரத்தில் நாற்காலிமேல் ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, பின்னால் இருக்கிற திருகைத் திருப்பி, முள்ளைப் பின்னால் தள்ளி வைத்தேன். வந்தாள், பார்த்தாள், இன்னும் ஏழாகவில்லை என்று நிம்மதியாகத் தங்கையோடு விளையாடப் போனாள். நீ கூப்பிட்டபோது கடிகாரத்தில் சரியாக ஏழு. அவள் துள்ளின துள்ளலைப் பார்க்க வேண்டுமே. அம்மா சொன்னால் சொன்னதுதான் என்று பொடிசிடம் பீற்றிக்கொண்டாள். அன்று எனக்கு என்னமோ பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு. அதன் பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. அவள் தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு திருப்பு, பாத்ரூம் போனால் ஒரு திருப்பு. பிள்ளைகள் தூங்கியதும் மறுபடி சரியாக வைத்துவிடுவேன்.

ஒருநாள் சரியாக வைக்க மறந்துவிட்டேன். காலையில் நம் பேங்க் அக்கா ஆபீசுக்குப் போகும் வழியில் முடியின் நுனியை வெட்டிக்கொள்ள வந்தாள். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று தன் மருமகள் கதையை ஆதியோடு அந்தமாக எடுத்துவிட்டாள். வெளியே போய்ப் பார்த்தால் பஸ் போய்விட்டது. திரும்பி வந்து என்னை வறுத்தெடுத்தாள். நான் பேட்டரியின்மேல் பழியைப் போட்டேன். பாவம், அதற்கு வாயா இருக்கிறது.

இதுவரை எழுதியதற்கு நீ என்னைத் திட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சிரிக்கக்கூடச் செய்வாய். அதனால்தான் இதை முதலில் எழுதினேன். மீதி அப்படி இல்லை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று எழுதலாம் என்று பார்த்தேன். யாரும் வரவில்லை அக்கா. எனக்குத்தான் எழுத வரவில்லை.

நீ பேசி வைத்த பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. போனில் நீ பார்ப்பது சிரித்த முகம். வைத்ததும் வாலு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சித்தி ஊட்ட வேண்டாம், சித்தி போர்த்த வேண்டாம். தலை பின்னப் போனால், அம்மா பின்னினால் வலிக்காது, சித்தி பின்னினால் வலிக்கிறது என்பாள். ஊரே என்னிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்கிறது, இந்த ஒரு தலைக்கு மட்டும் வலிக்கிறதாம். உன் பழைய சால்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். காலையிலிருந்து அவளுக்காக ஓடியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சிரிப்புப் போல எழுதுகிறேன், எனக்கு அழுகையாக வரும்.

ஒருநாள் உனக்கு லைன் கிடைக்கவே இல்லை, நினைவிருக்கிறதா? அன்று நிஜமாகவே நீ கூப்பிடவில்லை. வாலு வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, வந்து என் மடியில் தலை வைத்தாள். என் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டாள். எனக்குக் கால் மரத்துப்போனது, நான் அசையவில்லை. அந்த ருசி கண்டுவிட்டேன் அக்கா. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அப்போது மழைக்காலம், சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம் திரைச்சீலையை இழுத்துவிட்டு, போனைச் சத்தம் வராமல் வைத்து, துண்டுகள் அடுக்குகிற டிராயருக்குள் போட்டேன். கடிகாரத்தை எடுத்தேன். இந்த முறை முள்ளைப் பின்னால் தள்ளவில்லை, முன்னால் தள்ளினேன். ஆறரைக்கு எட்டரை ஆக்கினேன். அம்மாவுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, இன்றைக்குக் கூப்பிடவில்லை என்றேன். வாலு கடிகாரத்தைப் பார்த்தாள், சாப்பிட்டாள், என் மடியில் வந்து தூங்கினாள். ஏழரைக்கு நீ கூப்பிட்டாய். ஆடி ஓடிக் களைத்துச் சீக்கிரமே தூங்கிவிட்டார்கள் என்றேன். எழுப்பாதே, பாவம், தூங்கட்டும் என்றாய். முகத்தையாவது காட்டு என்றாய். போனைப் பிடித்துக் காட்டினேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் ஏதோ புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று தடவை செய்தேன். நான்காவது தடவை போனை டிராயரில் போட மறந்து நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். வாலு அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் எண்களெல்லாம் படிக்கிறாள் அல்லவா. "சித்தி, இதுல ஆறு நாப்பதுன்னு இருக்கு. அதுல எட்டு நாப்பது. எது சரி?"

அந்த நிமிஷமாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பேட்டரி மேலாவது பழியைப் போட்டிருக்கலாம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். "நீ பாத்தது தப்புடி. உனக்கு இன்னும் மணி பாக்கச் சரியா வரல."

வாதாடுவதில் உன்னையே தூக்கிச் சாப்பிடுகிறவள், திரும்பிக் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. போனை என் கையில் கொடுத்தாள். தலையை ஆட்டினாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பேங்க் அக்கா சாயம் பூச வந்தாள். அவளுக்கு ஏதோ கல்யாணம், காபி நிறம் வேண்டும் என்றாள். பூசி உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல வாலுவிடம், தங்கச்சி முள் ஆறுக்கு வந்ததும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, உள்ளறையில் இன்னொரு பெண்ணுக்குப் புருவம் திருத்தப் போனேன். சத்தமே வரவில்லை. புருவம் முடிந்தது, பேச்சும் முடிந்தது, வெளியே வந்தால் முள் பத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பேங்க் அக்கா நாற்காலியில் தூங்கி வழிகிறாள். வாலு முக்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவசர அவசரமாகக் கழுவினேன். காபி நிறம் கேட்டவளுக்குக் காக்கா நிறம் வந்திருந்தது. நெற்றியோரம் வேறு சிவந்துபோயிருந்தது. என் தலை என்ன அடுப்பில் வைத்த சட்டியா, இப்படிக் கருக விட்டுவிட்டாயே என்று அவள் கத்தினாள். பஸ்ஸை விட்ட கதையும் சேர்ந்து வந்தது.

நான் என் பங்குக்கு வாலுவின் பக்கம் திரும்பினேன். அத்தனை பேர் முன்னால், கண் எங்கே போனது, உன்னிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்று சத்தம் போட்டேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "ஆறுல இருந்த மாதிரிதான் இருந்துச்சு சித்தி. ஆனா எனக்குத்தான் பாக்க வராதே."

கோபத்தில் இருந்த பேங்க் அக்காவே அடங்கிப்போய்விட்டாள். உனக்கு வராது என்று யார் சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டாள். வாலு என் முகத்தைப் பார்த்தாள். தரையில் கிடந்த கிளிப்புகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். அக்கா, அந்த முன்னறையில் என் கையில் ஈரத் துண்டோடு நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது.

அன்றைக்குப் பார்லரைப் பாதியிலேயே மூடினேன். பொடிசு தூங்கிக்கொண்டிருந்தாள். வாலுவைத் தூக்கி, ஆட்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார வைத்து, நான் முக்காலியில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் தள்ளியதையும் சொன்னேன், முன்னால் தள்ளியதையும் சொன்னேன். "நீ பாத்ததெல்லாம் சரி. ஒரு நாளும் நீ தப்பா பாக்கல. சித்திதான் முள்ளைத் திருப்பினேன்" என்றேன். அழுவாள், என்னை அடிப்பாள், இப்போதே அம்மாவைக் கூப்பிடு என்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டே யோசித்தாள். பிறகு கேட்டாள். "அப்போ அன்னைக்கு அம்மா கூப்பிட்டாங்களா?"

கூப்பிட்டாள் என்றேன். அந்த நாலு நாளும் கூப்பிட்டாள் என்றேன்.

நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். தூங்குகிறவளை உலுக்கி எழுப்பி, "அம்மா கூப்பிட்டாங்களாம்டி, எல்லா நாளும் கூப்பிட்டாங்களாம்" என்றாள். பொடிசுக்கு என்ன புரிந்ததோ, இரண்டும் கட்டிலில் நின்று குதித்தன. என்மேல் கோபப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா மறந்துவிட்டாள் என்ற நினைப்பை யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை நாலு நாள் தூங்கியிருக்கிறது. அதில் மூன்று நாள் என் மடியில்தான் தூங்கியிருக்கிறது. அதை நான் பாசம் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு சித்தி என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம், பேசிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். நானும் இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று குழாய்க்காரர் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன். இதோ சொல்லிவிட்டேன்.

கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது. வாலு அதைக் கழற்றச் சொல்லி, பின்னால் இருக்கிற திருகின்மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டாள். தனக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டச் சொன்னாள், மாட்டிவிட்டேன். பேங்க் அக்கா மறுபடி வந்தாள், நல்ல மனுஷி. காக்கா நிறம் கல்யாணத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போனதாம், வயது குறைந்ததாகச் சொன்னார்களாம்.

என்னை நீ என்ன செய்தாலும் தகும். பிள்ளைகளை உன்னோடு அழைத்துப்போக வேண்டும் என்று நினைத்தால் சொல், நானே அவர்கள் துணிகளை மடித்து வைத்து, கொண்டுவந்து விட்டுவிட்டு வருகிறேன். ஏன் என்று கேட்கமாட்டேன். இங்கேயே இருக்கட்டும் என்று நீ சொன்னால், அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் கேட்டுக்கொள்வேன். உன்னிடம் மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாக இருந்தது, அடித்துவிட்டேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். நோயாளிகளைத் தூக்கும்போது இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொள். இனி முடிகிற நேரத்தில் கூப்பிடு, ஏழு என்று எண்ணி ஓடி வராதே. அம்மா எந்த மணிக்குக் கூப்பிட்டாலும் அதுதான் அம்மாவின் மணி என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக ஒன்றே ஒன்று செய். முன்பெல்லாம் மணி கேட்டால் கேட்டு முடிக்கும் முன் பதில் வரும். இப்போது யார் கேட்டாலும் வாலு முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள், பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கிறாள். நீ அடுத்த முறை கூப்பிடும்போது அவளிடம் மணி என்ன என்று கேள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள், அவசரப்படுத்தாதே. தானாகக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாள். அவள் எதைச் சொன்னாலும் சரி என்று சொல் அக்கா. உன் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தை ஒருதரம்கூடப் பார்க்காமல், சரி என்று சொல்.

உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்
உன் தங்கை